கிடாவுக்காக நான்கு ராஜ்யங்கள்

ஆட்டம் முடிந்துவிட்டது. அதுதான் செண்பகராஜுக்குச் சிக்கல்.

கணினித் திரையில் ஒன்பது கை அரசன் மண்டியிட்டுக் கிடந்தான். அறுபத்து மூன்று தடவை செண்பகராஜைக் கொன்றவன், அறுபத்து நான்காம் தடவை வாளைக் கீழே போட்டு மன்னிப்புக் கேட்டான். அப்புறம் இசை எழுந்தது. ஆட்டத்தைத் தயாரித்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏற ஆரம்பித்தன.

செண்பகராஜ் பாய்ந்து எழுந்து முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தினான். ஜன்னலைத் திறந்தால் தெருமுனையில் சுடலைமாடசாமியின் பீடம் தெரியும். ஆட்டம் முடிந்தது சாமிக்குத் தெரிந்துவிடக் கூடாது.

"என்னலே, சத்தத்தையே காணும்? முடிஞ்சிட்டா?" அடுப்படியிலிருந்து அம்மா யோகலட்சுமி கேட்டாள்.

"எங்கம்மா முடிய! இன்னும் நாலு ராஜ்யம் பாக்கி கெடக்கு!"

அவன் காலடியில், கணினிப் பெட்டியின் வெதுவெதுப்புக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருந்த கிடா, தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. அதன் பெயர் பாஸ். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசியாக வந்து உயிரை எடுக்கிற பெரிய வில்லனுக்குப் பாஸ் என்று பெயர். பிறந்த மூன்றாம் நாளே இது செண்பகராஜை முட்டித் தள்ளியது. அதனால் அந்தப் பட்டம். அம்மா 'பாசு' என்பாள்.

செண்பகராஜ் கோவில்பட்டியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவன். பசுவந்தனைக்குப் பக்கத்து ஊரிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பி, வந்த வேகத்தில் வாளை எடுத்துவிடுவான். சோறு ஆறிப் போகும். கூப்பிட்டால், "ஒரு நிமிஷம்மா, டிராகன் வருது" என்பான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொந்த அக்காவின் வளைகாப்புக்கு அந்த டிராகன் காரணமாகவே போகவில்லை.

அன்றைக்கு அம்மா நேராகப் பீடத்துக்குப் போனாள். அந்த வாரம் பிறந்திருந்த கிடாக்குட்டியை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி நேர்ந்துகொண்டாள்.

"சுடல! எம்மவன் இந்தக் கம்ப்யூட்டர்ச் சண்டைய என்னைக்கு விடுதானோ, அந்த வருசத்துக் கோயில் கொடைக்கே இந்தக் கிடாய உனக்கு வெட்டுதேன்!"

நேர்ந்துவிட்டால் விட்டதுதான். விற்க முடியாது, பதிலுக்கு வேறு கிடா கொடுக்க முடியாது. பாஸ் யார் காட்டு உளுந்தில் வாயை வைத்தாலும் சாமி கிடா என்று எவரும் கம்பெடுக்கவில்லை.

குட்டியின் தாய் ஆடு பத்தாம் நாள் பாம்பு கடித்துச் செத்தது. அப்பா ஜெயபாண்டி மந்தையை ஓட்டிக்கொண்டு புதூர்ப் பக்கம் போயிருந்தார். பால் புட்டியைப் பிடிக்க செண்பகராஜின் இடது கைதான் காலியாக இருந்தது. வலது கையில் வாள், இடது கையில் புட்டி என்று ஒரு மாதம் ஓடியது. அந்த மாதம் அவன் ஒரு சண்டையிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் கிடா பிழைத்துக்கொண்டது.

வினை எங்கே வந்தது என்றால், ஆறு மாதமாக அவனுக்கு ஆட்டம் அலுத்துவிட்டது. மணிக்கட்டு வலித்தது. எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் ஏற்கெனவே வந்த ராஜ்யம் போலவே இருந்தது. விட்டுவிடலாம். விட்டால் பாஸின் கழுத்துக்குக் கத்தி வரும்.

ஆகவே ஆடினான். ஆடியதோடு நிற்காமல், ஆடுவது அம்மாவுக்குத் தெரியும்படி ராத்திரிச் சாப்பாட்டில் விலாவாரியாகச் சொல்லவும் செய்தான்.

"அந்த ஒம்பது கைக்காரன் என்ன செய்யுதான்?" என்று அம்மாவே ஆரம்பிப்பாள். விட்டுவிட்டானா என்று நூல் விட்டுப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"அவன் கெடக்கட்டும். இப்பப் பனிக்காடுன்னு ஒண்ணு வந்திருக்கும்மா. படம் என்னமா இருக்கு! மூச்சு விட்டா ஆவி பறக்குது. ஆனா ஒரு குறை. எட்டு மணி நேரம் நடந்தேன், கண்ணுக்கு எட்டுன தூரம் பச்சப் புல்லு. ஒரு ஆடு மேயல."

"ஏம்லே? அங்கன ஆடு வளக்க ஆளில்லயா?"

"எல்லாவனும் வாளத் தூக்கிட்டு அலையுதான்."

"வெளங்குமா அந்த ஊரு?" அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "சரி, அது எத்தன நாளைக்கு ஓடும்?"

"ரெண்டு மாசம் ஓடும்."

"கொடை தாண்டிருமா?"

"தாண்டிரும்."

அம்மா பெருமூச்சு விட்டாள். ஏமாற்றம் என்று செண்பகராஜ் கணக்குப் பண்ணினான்.

புது ஆட்டங்களைக் கணினியில் ஏற்றித் தருகிறவள் ரூபி. கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி, செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாள். நான்கைந்து மாதமாக அவனிடம் காசே வாங்குவதில்லை. "கடை சலுகை, அண்ணாச்சி" என்பாள்.

"ரூபி, ரொம்பப் பெருசா இருக்கணும். லேசுல முடியக் கூடாது."

"தெரியும் அண்ணாச்சி, தெரியும்" என்று தலையைக் குனிந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கும் அந்தச் சலுகைக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்து, செண்பகராஜ் இப்போதெல்லாம் அந்தக் கடைக்குப் போகும் முன் தலை சீவிக்கொண்டு போனான்.

கொடைத் திருவிழாவுக்குப் பதின்மூன்று நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, பாஸ் கணினியின் வயரைக் கடித்துத் தின்றுவிட்டது. நல்ல வேளை, அப்போது மின்சாரம் போயிருந்தது. கிடா தப்பித்தது. மின்சாரம் வந்ததும் கணினி 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுப் புகைந்தது.

"ஏலே பாசு! உன் கழுத்துக்கு நீயே கத்தி எடுத்துக் குடுக்கியே!" என்று செண்பகராஜ் தலையில் அடித்துக்கொண்டான். பாஸ் வாயில் மிச்சமிருந்த வயர்த் துண்டை மென்றது.

திங்கட்கிழமை பெட்டியைப் போர்வையில் சுற்றி, அம்மா பார்க்காத நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் ரூபியிடம் கொடுத்தான். ஒரு வாரம் ஆகும் என்றாள். ஒரு வாரம் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்காவிட்டால்?

மாலையில் கதவை ஒருக்களித்துவிட்டு, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வாயாலேயே வாள் சுழற்றினான். "டிஷ்! ஸ்விங்! க்ராாா!" குதிரைக்குத் தொடையில் தட்டினான். டிராகனுக்குத் தொண்டையைக் காறினான். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அம்மா கதவிடுக்கில் காப்பியை நீட்டினாள். "சத்தம் பத்தலலே. நல்லாத் தெருமுன வரைக்கும் கேக்கட்டும்."

குத்தல்தான் என்று நினைத்துக்கொண்டு காப்பியை வாங்கினான். புதன்கிழமை அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்று தனியாகக் கோவில்பட்டிக்குப் போய்வந்தாள். மாதம் ஒரு தடவை அப்படிப் போவாள். வீட்டில் அவள் சொட்டு மருந்து விட்டு அவன் பார்த்ததில்லை.

வியாழன் மாலை பூசாரி சுடலைமணி வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் கிண்ணம்.

"என்ன மருமவனே, பொட்டிய வித்துட்டியாம்லா?"

"யாரு மாமா சொன்னா?"

"திங்கக்கெழம பஸ்ல நம்ம தெரு ரேணுகாதேவி பாத்திருக்கா. போர்வையில சுத்தி மடியில வச்சிருந்தியாம். மொதல்ல ஏதோ புள்ளயத் தூக்கிட்டு ஓடுதான்னு நெனச்சாளாம்." பூசாரி பாஸின் தலையைத் தடவினார். கொடையில் வெட்டுகிற கிடாவின் தலை பூசாரிக்குத்தான் சேரும். "நல்ல வாகான தலை. யோகம்மா, உன் வேண்டுதல் பலிச்சிட்டு. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கொடைக்குக் கிடா உண்டுன்னு எழுதிரட்டுமா?"

அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை போலும் என்று செண்பகராஜுக்கு வயிறு எரிந்தது.

"நான் விடல மாமா!" என்று கத்தினான். கட்டின தொண்டையில் அது டிராகன் குரலாகவே வந்தது. "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். நானாவது, விடுததாவது!"

எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வெளியே வந்தன. செண்பகராஜ் வாசல்படியில் ஏறி நின்றுகொண்டான்.

"கேட்டுக்கோங்க! ஒம்பது கை அரசன் ஆட்டம் நூறு மணி நேரம் ஆடுனேன். சண்டைக்கு நூத்துக்கு நூறு போடுவேன். வாளு மோதுனா நம்ம கைக்கு வலிக்கும். ஆனா கதையில ஓட்டை. அறுவத்து மூணு தடவ என்னக் கொன்னுட்டு, கடைசியில 'தெரியாமச் செஞ்சிட்டேன்'ங்கான். பனிக்காடு ஆட்டத்துல ஒருத்தன் ஏழு வாளு, மூணு ஈட்டி, ஒரு கோடாலி, இருவது ரொட்டி எல்லாத்தையும் ஒரே பைக்குள்ள போட்டுட்டுக் குதிரயில போறான். எங்கப்பா ஒரு மூட்ட உளுந்தத் தூக்கிட்டு ரெண்டு நாளு இடுப்பப் பிடிச்சிட்டுப் படுத்துக் கெடந்தாவ. நிழல் கோட்டைன்னு ஒண்ணு. இருட்டுக்குள்ளயே போகணும். பயம்னா அப்படிப் பயம். ஆனா ஒரு கதவத் தொறக்க நாலு சாவி தேட விடுதான். இத்தன குறை தெரியுது, பெறவும் ஏன் ஆடுதேன்? கடைசி அடியில ஜெயிக்கும்போது நெஞ்சுக்குள்ள ஒண்ணு குதிக்கும் பாருங்க, அதுக்குத்தான்! அத விட்டுட்டு என்னால இருக்க முடியுமா?"

சொல்லச் சொல்ல அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆறு மாதமாக வராத ஆசை, பேசும்போது கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி, "ஐயோ பாவம், முத்திட்டு" என்றாள்.

பூசாரி அசையவில்லை. "பேச்சு எல்லாவனும் பேசுவான். படம் பாக்காமலே கதை சொல்லுத ஆளு நம்மூர்ல நாலு பேரு இருக்கான். இது சாமி காரியம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாரேன். என் கண்ணு முன்னால ஆடு. ஆடலன்னா வேண்டுதல் பலிச்சதாத்தான் அர்த்தம். கிடா விழும்."

அவர் போனதும் அம்மா மெல்லிய குரலில் கேட்டாள். "ஆடிருவியாலே?"

"ஆடிருவேம்மா."

"உறுதியாவா?"

"ஏன், ஒனக்குக் கிடா வெட்டணும்னு அம்புட்டு அவசரமா?"

அம்மா பாஸுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

வெள்ளிக்கிழமை செண்பகராஜ் உரக்கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ரூபியின் கடைக்கு ஓடினான். நான்கைந்து மாதத்தில் முதல் தடவையாகத் தலை சீவ மறந்திருந்தான்.

"ரூபி! ஒரு வாரம்னு சொன்ன, தெரியும். எனக்கு இன்னைக்கே வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு உசிரு போயிரும்!"

ரூபி மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தாள். போர்வை துவைத்து மடித்திருந்தது.

"நேத்தே ரெடியாயிட்டு அண்ணாச்சி. வயருக்கு மேல இரும்புக் குழாய் போட்டிருக்கேன். இனி எந்தக் கிடாயும் கடிக்க முடியாது."

"கிடா கடிச்சதுன்னு நான் சொல்லவே இல்லியே?"

"புதுசா மூணு ஆட்டமும் ஏத்தியிருக்கேன். ஒண்ணு முடிக்க ஒரு வருசம் ஆகும்."

செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டான்.

"எனக்காகவா ரூபி இம்புட்டும்?"

ரூபி கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கா? நல்லா இருக்கே! மாசாமாசம் காசக் குடுத்துட்டு, 'ஆட்டம் அவனுக்குச் சலிச்சுப் போச்சு தாயி, லேசுல முடியாததாப் பாத்துப் போடு, அவன் விட்டுட்டா எம் பாசுவ வெட்டணும், நான் சொன்னேன்னு சொல்லிராத, சாமி காதுல விழுந்துரும்'னு இங்கன உக்காந்து அழுதுட்டுப் போறது உங்கம்மால்லா அண்ணாச்சி!"