பொட்டு வைத்த மானிட்டர்

எடப்பாடியில் எந்தப் பட்டறையில் எந்தத் தறி முனகினாலும், தெருவில் நடந்து போகிறபோதே நோயைச் சொல்லிவிடுவார் மணிமாறன். "கெழக்கு வரிசையில மூணாவது. போல்ட்டு லூசு" என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் தறி பிட்டர் என்றால் சும்மாவா?

ஆனால் சொந்த வீட்டில் சொந்த மனைவி மூன்று வருஷமாக லேப்டாப்பில் மூக்கை உரசிக்கொண்டு வேலை செய்தது மட்டும் அவர் காதில் விழவில்லை. அது சத்தம் போடாத வேலை.

உஷாராணி ஜக்கார்டு டிசைன் போடுகிறவள். சேலை முந்தானையில் ஒரு கிளி வந்து உட்கார வேண்டுமென்றால், முதலில் அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பியாக வேண்டும். அதை அவள் பதினைந்து இஞ்சுத் திரையில் செய்துகொண்டிருந்தாள். கண் எரிந்தது, கழுத்து வலித்தது. அப்போதுதான் பள்ளிபாளையத்தில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"அங்க பெரிய ஸ்க்ரீன் இருக்குதுங்க. திங்கக்கெழமை வந்து சேரச் சொல்லீருக்கறாங்க. போலாம்னு இருக்கறேன்" என்றாள் சோறு போட்டுக்கொண்டே.

மணிமாறனுக்குச் சோறு இறங்கவில்லை. 'ஊட்டு லட்சுமி ஊட்டுல இருக்கோணும்' என்பது அவர் கட்சி. ஆனால் அதை இந்தக் காலத்தில் வாய் திறந்து சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் இனியா போனிலேயே பிடித்துக் காய்ச்சிவிடுவாள். தவிர, உண்மை வேறு. மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, எதிரில் உட்கார்ந்து அவருடைய தறிக் கதைகளைக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அந்த அரை மணி நேரம் போய்விடுமே என்று அவருக்குப் பயம். பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் திட்டம் போட்டார்.

"பெரிய ஸ்க்ரீன்தான புள்ள உனக்கு வேணும்? அதுக்கு எதுக்குப் பள்ளிபாளையம்? நான் ஊட்டுக்கே கொண்டாரேன்!"

உஷாராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்கள் அந்தப் பார்வைக்குப் பயப்படுவார்கள். மணிமாறன் பயப்படவில்லை. அதுதான் தப்பு.

"செரிங்க. ஞாயித்துக்கெழமை வெளக்கு வெக்கறதுக்குள்ள அதுல என் டிசைன் தெரிஞ்சா நான் போகலீங்க. தெரியலீன்னா போறேன். ஆனா ஒண்ணு. லேப்டாப்புக்கு வெளிய என்ன வேணாலும் பண்ணுங்க. உள்ள மட்டும் கை வெக்கக் கூடாது. டிசைன் சாப்ட்வேரு பூட்டிக்கும்."

"நான் பிட்டரு. வெளிய இருந்தே வைத்தியம் பாப்பேன்" என்றார் மணிமாறன்.

சனிக்கிழமை சேலம் போய் இருபத்தேழு இஞ்சு மானிட்டரைப் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். இந்த ஊரில் பொட்டு வைக்காமல் எந்த மிஷினும் ஓடாது. தறிக்கு உண்டு, லாரிக்கு உண்டு, மிக்ஸிக்கும் உண்டு. சந்தனத்தைக் கரைத்து நாலு மூலையிலும் வைத்தார். லாரிக்கு முன்னாடி வைத்துவிட்டுப் பின்னாடி வைக்காமல் விடுவார்களா? திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் தாராளமாக வைத்துக் குங்குமம் தொட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். திரை பளிச்சென்று விழித்தது. 'நோ சிக்னல்' என்றது. உடனே தூங்கிப் போனது.

"என்னங்க சொல்லுது?" அடுப்படியிலிருந்து குரல்.

"இப்பத்தான கண்ணு முழிச்சிருக்குது. கொஞ்சம் பொறு."

பிடுங்கி, முனை மாற்றிச் சொருகினார். நோ சிக்னல். மானிட்டரை அணைத்துப் போட்டார். நோ சிக்னல். பக்கத்து வீட்டுச் சென்றாயன் வாசலில் தலையை நீட்டினார். போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டியவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

"பொடனியில ஒரு தட்டு தட்டுங்க மாப்ள."

"இது ரிக்கு இல்லீங்க மாமா."

"எல்லாம் கரண்டுலதான ஓடுது? எந்த மிஷினும் ஒரு தட்டுக்குப் பயப்படும்."

மணிமாறன் அதன் பின்மண்டையில் தட்டினார். மானிட்டர் பயப்படவில்லை. சென்றாயன் இரண்டு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, "சேலத்துக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது வயர். டிவியின் செட்டாப் பாக்ஸ் வயரைக் கழற்றி லேப்டாப்புக்குப் போட்டார். நோ சிக்னல். பிட்டர் மூளை வேலை செய்தது. செட்டாப் பாக்ஸையே மானிட்டரில் மாட்டினார். ஒரு சீரியல் மாமியார் இருபத்தேழு இஞ்சுக்கும் நிறைந்து அழுதாள்! ஆக, மானிட்டர் நல்லாயிருக்கிறது, வயரும் நல்லாயிருக்கிறது. லேப்டாப்பின் கண்ணில்தான் அது படவில்லை.

முதல் வயரை எடுத்து அதன் முனையைப் பார்த்தார். மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. முகர்ந்தார். சந்தனம்.

டார்ச் அடித்து மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார். டிவி வயரைச் சொருகிய வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வாய் இருந்தது. அதன் ஓரமெல்லாம் அவர் கையால் வைத்த சந்தனம், காய்ந்து கல்லாக. முதல் வயரை முதலில் சொருகியது அந்த வாயில்தான். அந்த முனையைத்தான் பிறகு மாற்றித் திருப்பி லேப்டாப்பிலும் சொருகினார்.  மானிட்டர் போனால் போகட்டும். லேப்டாப்பின் வாயிலும் சந்தனத்தை ஊட்டிவிட்டோமே! மூன்று வருஷ உழைப்பு அதற்குள் இருக்கிறதே!

யாருக்கும் தெரியாமல் பல் குத்தும் குச்சியால் நோண்டினார். பஞ்சால் துடைத்தார். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். நோ சிக்னல்.

லேப்டாப்புக்கு உயிராவது இருக்கிறதா என்று அதன் திரைக்கு முன்னால் குனிந்தார். இருந்தது. அவள் பாதியில் விட்ட டிசைன் திரையில் அப்படியே நின்றது. ஒரு கிளி. மூக்கருகே மட்டும் நாற்பது, ஐம்பது கட்டங்கள். எண்ணப் பார்த்தார். மூன்றாவது வரிசையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைத்தான் இவள் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பார்க்கிறாளா?

கிளியை இன்னொரு தரம் பார்த்தார். எங்கேயோ பார்த்த கிளி.

"உஷா! இங்க வா. இந்தக் கிளிச் சேலை நம்ம மேக்குப் பட்டறையில ஓடுதல்ல?"

"ஆமாங்க. பன்னண்டு தறியில ஓடுது."

"இது நீ போட்டதா?"

"பின்ன? கிளியே பறந்து வந்து உக்காந்துக்குமா?"

மணிமாறன் நாற்காலியில் உட்கார்ந்தார். போன மாதம் இதே சேலையைப் பற்றி இதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே புகழ்ந்திருந்தார். 'எந்தப் புண்ணியவான் போட்ட டிசைனோ, கிளி கூப்புட்டாத் திரும்பிப் பாக்கும் போல இருக்குது' என்று. எதிரில் உட்கார்ந்து கேட்டவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான்.

"அன்னைக்கே நான்தான்னு சொல்லலாமல்ல?"

"சொல்லத்தான் வந்தனுங்க. நீங்க அதுக்குள்ள நாலாவது தறிக் கதைக்குப் போயிட்டீங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது. அரை மணி நேரம், தினமும், இத்தனை வருஷம். அதில் அவள் பேசியது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தார். உப்பு போதுமா, மோர் ஊற்றட்டுமா. வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. ஊர்த் தறிக்கெல்லாம் காது கொடுக்கிறவன் இந்த வீட்டில் செவிடாக இருந்திருக்கிறேனே என்று மனதுக்குள் வெட்கப்பட்டார்.

மாலை ஐந்தரை ஆயிற்று. உஷாராணி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

"உஷா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"மானிட்டருக்குப் பொட்டு வெச்சேனல்ல. அது ஓட்டைக்குள்ள போயிருச்சு. உன்ற லேப்டாப்பு வாயையும் நான்தான் அடைச்சுப்போட்டேன்னு நெனைக்கறேன்."

"பொட்டு வெச்சு வாயை அடைக்கறது உங்களுக்கென்ன புதுசுங்களா?" என்றாள் அவள், திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணிமாறனுக்கு அது சுருக்கென்று ஏறியது.  அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வேலைக்குப் போ புள்ள. வெளக்கு வெக்கற கெடுவுக்காகச் சொல்லல. மனசாரச் சொல்றேன். அங்க நாலு பேரு உன் டிசைனைப் பாப்பாங்க, பேசுவாங்க. நாளைக்கு நானே பஸ் ஏத்தி உடறேன்."

"நெசமாவா?"

"உன் மேல சத்தியமா."

உஷாராணி திரியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வயரைச் சொருகினாள். லேப்டாப்பில் இரண்டு விசையை ஒன்றாக அமுக்கினாள். சின்னதாக ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒன்றைத் தொட்டாள். இன்னும் எதையோ திறந்தாள். மானிட்டர் ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டுப் பளீரென்று வந்து நின்றது.

மணிமாறன் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"காலையில அஞ்சு மணிக்கே மாட்டிப் பாத்தனுங்க. நல்லா வந்துச்சு. லேப்டாப்புல மட்டும் தெரிஞ்சாப் போதும்னு உள்ள மாத்தி வெச்சுட்டு, வயரைக் கழட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப சந்தனம்?"

"அதுல முக்காவாசியை அப்பவே ஊக்குல நோண்டி எடுத்துட்டேன். மிச்சத்த உங்களுக்காக உட்டு வெச்சேன்."

"ஏமாத்திப்போட்டியே!"

"போகாதேன்னு நீங்க நேருக்கு நேரா சொல்லியிருந்தா நானும் நேருக்கு நேரா சண்டை போட்டிருப்பேன். நீங்க ஸ்க்ரீனை வாங்கிட்டு வந்தீங்க. செரி, ஸ்க்ரீனே பேசட்டும்னு உட்டுட்டேன்."

நியாயம்தான். ஆனாலும் ஆண்பிள்ளை மனசு கடைசி நேரத்திலும் ஒரு சந்து தேடும். மணிமாறன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெயில் இன்னும் இருந்தது. முகம் மலர்ந்தது.

"வெளக்கு இன்னும் வெக்கலியே! ஸ்க்ரீனு வந்துருச்சே! பேசுனபடி நீ போகக் கூடாதல்ல?"

"என் டிசைன் தெரிஞ்சாத்தானுங்க அந்தப் பேச்சு. இது டிசைனா பாருங்க."

மணிமாறன் பார்த்தார். கிளியைக் காணோம். திங்கள் முதல் சனி வரை ஒரு அட்டவணை. காலை ஆறு மணி, பால் வாங்குவது: மணிமாறன். ஆறரை, வாசல் பெருக்குவது: மணிமாறன். ஏழு, சோறு வைப்பது: மணிமாறன்.

"எழுத்தெல்லாம் கண்ணாடி போடாமயே தெரியுதுங்களா?" என்றாள் உஷாராணி.