பத்துப் பேருக்கு வட்டிலப்பம்

சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைப்பவர்கள் சமைப்பதில்லை. சமைப்பவர்கள் சேர்த்து வைப்பதில்லை. இதற்கு நானே சாட்சி. கல்யாணமான புதிதில் என் போன் முழுக்கச் சமையல் குறிப்புகள்தான். கண்ணில் பட்டதையெல்லாம் திரையோடு படம்பிடித்து வைத்திருந்தேன். கல்யாணப் படங்களுக்கும் மின்சாரப் பில்லுக்கும் நடுவிலிருந்து ஒரு கோழி ரோஸ்ட் எட்டிப் பார்க்கும். தேடும் நேரத்தில் மட்டும் அது அகப்படாது. அன்றைக்கும் வீட்டில் பருப்பும் சம்பலும்தான்.

அந்தக் காலத்தில்தான் எல்கடுவப் பாதையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்தது. குடிபோகும் நாளில் மௌலூது ஓதி, பத்து சஹன் சோறு கொடுப்பதென்று முடிவாயிற்று. (எங்கள் பக்கத்தில் விருந்துக்குத் தலையை எண்ணுவதில்லை. சஹன் என்பது பெரிய தட்டு. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பத்து சஹன் என்று சொன்னால் போதும், இறைச்சிக்கடைக்காரருக்குக்கூட மிச்சக் கணக்கு விளங்கிவிடும்.) புரியாணிக்குச் சமையற்காரரைப் பேசியிருந்தோம். கடைசியில் வைக்கும் அவித்த இனிப்பான வட்டிலப்பம் மட்டும் நான் செய்கிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

மாமி அதை அப்படியே நம்பிவிட்டார். என் கணவர் நவாஸின் உம்மா அவர். ஊரிலுள்ள சொந்தம் முழுவதுக்கும் போன் எடுத்து, "வட்டிலப்பம் கடையில வாங்கல்ல, எங்கட மருமகள்தான் செய்றா" என்று சொல்லிவிட்டார். கண்டியிலிருந்து வரும், மாமனாரின் தம்பி மனைவியான பரீதா சாச்சிக்கு இரண்டு முறை சொன்னார். சாச்சி, நொட்டை சொல்வதற்கென்றே பிறந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, "புள்ளக்கி அடுப்படிப் பழக்கம் இல்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் முன்னால் மாமி தன் வாக்கையே என் கையில் கொடுத்திருந்தார்.

இனிப் பொறுப்பாக நடக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பொறுப்பான பெண் என்ன செய்வாள்? ஒருமுறை வட்டிலப்பம் அவித்துப் பார்ப்பாள். நான் குறிப்புகளை ஒழுங்குபடுத்த நல்ல செயலி தேடினேன்.

முதல் செயலி பார்க்க அழகாக இருந்தது. கஷ்டப்பட்டுக் குறிப்புகளை ஏற்றி முடித்ததும், இனிமேல் பார்க்கக் காசு கட்டு என்றது. இரண்டாவதில், குறிப்போடு சேர்த்து அதை எழுதிய பெண்ணின் குடும்பக் கதையும் வந்து விழுந்தது. மூன்றாவது தானாகவே வகை பிரிக்கும் புத்திசாலி. மிளகாயை இடித்துச் செய்யும் கட்டச் சம்பலை சாலட்டில் போட்டது. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, காலைச் சாப்பாட்டில் ஒம்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தது.

நான்காவதுதான் என் மனதைப் பறித்தது. எந்தப் பக்கத்தில் கண்ட குறிப்பானாலும் இழுத்துக்கொள்ளும். வகைக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். (மீனுக்கு நீலமா பச்சையா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன்.) எல்லாவற்றுக்கும் மேலே, 'எத்தனை பேருக்கு?' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் எண்ணைப் போட்டால் முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் அதுவே பெருக்கிக் கொடுத்துவிடும்.

கட்டம் கேட்டது. வாரக்கணக்காகப் பத்து, பத்து என்றே பேசிக்கொண்டிருந்த நான், ஒரு நொடியும் யோசிக்காமல் 'பத்து' என்று தட்டினேன்.

சாமான் வாங்கி வந்த நவாஸ், பையைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"ஆப் கணக்குப் போட்டுத் தந்திருக்கு. ஒங்களுக்கு அதவிட நல்லாத் தெரியுமா?"

அவர் பையை அப்படியே அடுப்படியில் வைத்தார். கல்யாணம் முடித்த ஆண்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

வட்டிலப்பம் அருமையாக வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏலக்காய் வாசம் வாசற்படிவரைக்கும் அடித்தது. மேலே கஜுப் பருப்பைப் பூப்போல அடுக்கினேன். விருந்தன்று ஓதி முடிந்து, சஹன்கள் உள்ளே போய், எல்லாரும் சோற்றில் கைவைத்தபோது மாமி அடுப்படிக்கு வந்தார். ஒரு சஹனுக்கு ஒன்றாகப் பத்துத் தட்டுகளை வரிசையாக வைத்தார். பிறகு என் சட்டியைப் பார்த்தார்.

"மத்த சட்டியெல்லாம் எங்க புள்ள ஈக்கு?"

"எந்த மத்த சட்டி மாமி?"

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: "பத்து... பேருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன் புள்ள, மிச்ச அம்பது பேரும் நோன்பா?"

பிறந்ததிலிருந்து சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்! ஒரு போன் கேட்டதும் வெளிநாட்டுக்காரி மாதிரிப் பதில் சொல்லியிருக்கிறேன். வட்டிலப்பம் அவிந்து ஆற அரை நாள் வேண்டும். சஹன்களில் புரியாணி வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து பரீதா சாச்சியின் குரல் வேறு. "மருமகள்ட வட்டிலப்பத்துக்கு வயித்துல எடம் வெச்சிரிக்கன்!" குளிர்சாதனப்பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றிருந்தது.

மாமி திட்டவில்லை. "அழுறதுன்டா பொறகு அழு. இப்ப கத்திய எடு" என்றார். நவாஸை முச்சக்கரவண்டியில் சந்திக் கடைக்கு விரட்டினார். அவர் சட்டித் தயிரும், கித்துள் பனைப் பாகான பாணியுமாகத் திரும்பினார். தட்டு நிறையத் தயிர் போட்டோம், பாணி ஊற்றினோம். வட்டிலப்பத்தைப் பல்லி முட்டை அளவில் நான் வெட்ட வெட்ட, மாமி ஆளுக்கொரு துண்டு வருமாறு மேலே வைத்தார். அவசரத்தில் சில துண்டுகள் பல்லி முட்டையும் வெட்கப்படுமளவுக்குச் சிறுத்துவிட்டன.

தட்டுகள் உள்ளே போயின. நான் கதவுக்குப் பின்னால் நின்று கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். பரீதா சாச்சி ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் எடுத்தார்.

"இது என்னது மதினி? புதுசா ஈக்கே! தயிர்ட புளிப்புக்கும் இதுக்கும் சோக்கு. எப்படிச் செஞ்ச?"

மாமியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எல்லாம் மருமகள்ட போன்ல ஈக்கு. அவளுக்கிட்டயே கேளுங்க."

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவ்வளவு நிம்மதியை அதற்குப் பிறகு, மகள் பிறந்து முதல் முறை அழுதபோதுதான் உணர்ந்தேன். அன்றிரவே செயலியைத் திறந்து, உலகத்தில் இல்லாத ஒரு குறிப்பை நானே எழுதி, சாச்சிக்கு அனுப்பினேன். 'துண்டுகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். இது முக்கியம்' என்று கீழே சேர்த்தேன். (வெட்கம் கெட்டவள்.)

சாச்சி அதை யாருக்கெல்லாம் அனுப்பினாரோ தெரியாது. போன மாதம் உக்குவெலையில் ஒரு கல்யாண வீட்டில் மாமியும் நானும் ஒரே சஹனில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தட்டு நிறையத் தயிர் வந்தது. மேலே பாணி, நடுவில் பொடிப்பொடியாக வட்டிலப்பம். "இதுதான் இப்ப புது ஸ்டைல், துண்டு சின்னதா ஈக்கோணும்" என்று வீட்டுக்காரப் பெண் எனக்கே விளக்கம் சொன்னாள்.

மாமி தலையை ஆட்டி முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். அவள் அந்தப் பக்கம் போனதும் என் காதருகே குனிந்தார்.

"பாவம் புள்ள, இவங்களும் ஒன்ட போன்ல ஈக்கிற ஆப்பத்தான் வெச்சிரிக்காங்க போல."