மேனேஜர் மேல் ஒரு புகார்

காட்டுக்குள் குப்பைத்தொட்டியே கிடையாது என்பது, பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு உறைத்தது.

வாசலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இது பாதுகாக்கப்பட்ட காடு. நாயைக் கயிற்றில் பிடித்தபடியே நடக்க வேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது. நாய் போட்டதை அள்ளிப் பையில் கட்டி, கூடவே கொண்டுபோய்விட வேண்டும். வாசலில் நின்ற காவலர் அம்மாள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மனுஷர் பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். காரணம் இல்லாமல் இல்லை.

காலையில் கார் கிளம்பும்போதே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எதிர்வீட்டுக்காரர் செருப்பு, கூரியர்காரர் பேன்ட், மாடிவீட்டம்மா கொடியில போட்ட சேலை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இன்னிக்குப் போற இடத்துல வெளியாள் யாராவது ஒரே ஒரு புகார் சொல்லட்டும். யார் மேல புகாரோ, அப்படியே அண்ணன் கார்ல ஏறிப் போயிட வேண்டியதுதான்."

அண்ணன் என்றால் அவளுடைய அண்ணன். அவரும் தன் காரில் பின்னாலேயே வந்திருந்தார், அதுவும் பின்சீட்டில் பழைய போர்வையை விரித்துக்கொண்டே.

"என்கிட்ட விடு தங்கச்சி. ஒரே மாசத்துல பழக்கிடுறேன்" என்றார். அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் உண்டு. வாலாட்டுவதற்குக்கூட அவர் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிற நாய்கள்.

புகாருக்கு ஆளான ஜீவனோ ஒன்றுமறியாத பழுப்பு நிற நாய். ஒரு மழைநாளில் கடைக்குள் புகுந்து, கண் பரிசோதனை நாற்காலிக்கு அடியில் படுத்தது, பிறகு போகவேயில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எடைபோட்டதால் வாடிக்கையாளர்கள் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, கடைக்காரர் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் முடிக்கும்வரை எழுந்து போகாமல் கேட்பது மேனேஜர் ஒன்றுதான். அதை அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பது?

அதனால்தான், பாதையோரப் பாறையடியில் மேனேஜர் முகர்ந்து பார்த்து, முதுகை வளைத்து, சற்று நின்று நகர்ந்ததுமே, அவர் பாய்ந்துபோய்க் குனிந்தார். கிட்டத்தில் இருப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், கடைக்கு வெளியே தான் மாட்டினால் வயசாகிவிட்டது என்று சொல்வார்களே என்று அதைப் பெட்டியிலேயே வைத்திருப்பார். ஆனாலும் பாறையடியில் ஏதோ பழுப்பாக இருந்தது. அது போதாதா? பையைக் கையில் மாட்டிப் பக்குவமாக அள்ளி முடிச்சுப் போட்டார்.

பக்கத்திலேயே ஒரு குச்சியில் மஞ்சள் துணித்துண்டு ஒன்று செருகியிருந்தது.

"பாத்தீங்களா மச்சான், ஜனங்க எப்படிக் குப்பை போடுறாங்கன்னு?" அதையும் குச்சியோடு பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல காரியம் மாப்ள. அந்தப் பொட்டலத்தை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க."

மனைவி சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதுல வைக்கக் கூடாது."

"நான் எங்க வைச்சேன்?"

"நினைப்பு ஓடுதே, அது தெரியுது."

சரி, யாருடையதோ அவரே சுமக்கட்டும் என்று பொட்டலத்தை மேனேஜர் கழுத்துப்பட்டையில் கட்டினார். தன் கழுத்துக்குக் கீழே ஏதோ ஆடுகிறதே என்று மேனேஜருக்கு ஒரே குழப்பம். அதைப் பிடிக்க ஒரு சுற்றுச் சுற்றியது. பொட்டலமும் சுற்றியது. கயிறு மச்சினரின் இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றியது. மச்சினர் மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தார்.

"இது புகார்ல சேருமா?" என்றார் கடைக்காரர் பயந்துபோய்.

மனைவி யோசித்தாள். "வெளியாள் சொன்னாத்தான் கணக்கு. அண்ணா, எந்திரி."

அடுத்து, பொட்டலத்தை ஒரு தாழ்ந்த கிளையில் மாட்டினார். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம், காட்டுக்கும் நஷ்டமில்லை. கையை வீசிக்கொண்டு கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார். பின்னாலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், மூச்சு வாங்க, பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார்.

"சார், விட்டுட்டு வந்துட்டீங்க. நல்லவேளை என் கண்ணுல பட்டுது."

"அடடா. ரொம்ப நன்றிங்க."

"பிரிச்சுப் பாக்கலை சார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. முக்கியமானதா?"

"அது வந்து... வீட்டு விஷயம்."

"இனிமே பத்திரமா வெச்சுக்கங்க. எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டாங்க."

அது என்னவோ உண்மை என்று மனைவி முணுமுணுத்தாள்.

இனி வெளியே தெரிகிற மாதிரி வைப்பதில் பிரயோஜனமில்லை. கடைக்காரர் சட்டைப்பையைத் தடவினார். மஞ்சள் குச்சிக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருந்தது. கடை விளம்பரம் அச்சடித்த நல்ல கெட்டிப் பெட்டி. இறுக மூடிக்கொள்ளும். கண்ணாடியை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைப் பெட்டிக்குள் மடித்து வைத்து மூடினார். 'டப்' என்று கேட்ட சத்தம் அவர் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. இவ்வளவு நேரம் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே மெச்சிக்கொண்டு, அங்கிருந்த பெஞ்சில் ஆசுவாசமாக உட்கார்ந்தார்.

பின்பையில் 'நறுக்' என்றது.

பெஞ்சுக்கு எதிரே ஒரு அறிவிப்புப் பலகை. மேலே நரிப் படம், கீழே பொடிப்பொடியாக எழுத்து. மச்சினர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, உரிமையோடு மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து பெட்டியை உருவினார்.

"வேண்டாம் மச்சான்."

"படிச்சுட்டுக் குடுத்துடுறேன். தின்னுடவா போறேன்?"

திறந்தார். சற்று நேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இது தூரத்துல வெச்சுப் பாக்கிறதா, கிட்டத்துல வெச்சுப் பாக்கிறதா?"

பெட்டி மூடப்பட்டு வந்த இடத்துக்கே போயிற்று. "நீயாவது படியேம்மா" என்றார் கடைக்காரர் மனைவியிடம்.

"எனக்குக் கண்ணாடி தர்றேன்னு போன வருஷமே சொன்னீங்க. செஞ்சு வந்ததும் படிக்கிறேன்."

"நரி ஜாக்கிரதைன்னு இருக்கும், விடு" என்று மச்சினர் முடித்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வம்புமில்லை. சும்மா சொல்லக் கூடாது, மேனேஜர் அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்து மற்ற நாய்கள் பாடம் படித்திருக்கலாம். குரைக்கவில்லை, பாதையை விட்டு இறங்கவில்லை. குறுக்கே ஓடிய முயலைக்கூடப் பார்க்காத மாதிரி பார்த்தது. வாசல் நெருங்க நெருங்கக் கடைக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது. மச்சினரின் கார், பின்சீட்டுப் போர்வையோடு, வெயிலில் வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் முறையா நடந்துதுங்களா?" என்றார் காவலர் அம்மாள்.

இதற்காகத்தானே அவர் காத்திருந்தார்! பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, மனைவிக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். "ஒண்ணு கூட விட்டுட்டு வரலை மேடம். காடு பூரா சுமந்துக்கிட்டே வந்தேன்."

காவலர் அம்மாள் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"உங்க நாய் காட்டுப்பழம் சாப்பிடுமா?"

"பிஸ்கட்தான் மேடம். அதுலயும் ஒரே ஒரு தினுசுதான்."

"இதை எங்க எடுத்தீங்க?"

"பெரிய பாறைக்கு அடியில."

"அங்க ஒரு மஞ்சக் கொடி இருந்திருக்குமே?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து அதையும் எடுத்து நீட்டினார். "யாரோ குப்பை போட்டிருந்தாங்க. அதையும் சும்மா விடலை."

காவலர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நரி போட்டது சார் இது. உங்க நாய் மோந்து பாத்ததோட சரி போல. எத்தனை நரி இருக்கு, என்ன தின்னுதுன்னு பாக்க, போட்ட இடத்துல எல்லாம் கொடி நட்டு வெச்சிருக்கோம். காட்டுல இருக்கிற எதையும் எடுக்கக் கூடாதுன்னு போர்டுல அவ்வளவு தெளிவா எழுதியிருக்கே, படிக்கலையா?"

"எழுத்து தெரியலை மேடம்."

"என்ன வேலை பாக்கிறீங்க?"

கடைக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தது.

"கண்ணாடிக்கடை" என்றாள் மனைவி.

"முதல்ல ரெண்டையும் எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வாங்க. நான் மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதித்தான் ஆகணும்."

போனார், வைத்தார், வந்தார். திரும்பும்போது நடை தளர்ந்திருந்தது. மேனேஜரின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டார். "மேடம், புகாரை நாய் மேல மட்டும் எழுதிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாய் மேல எதுக்கு சார்? அது பாட்டுக்கு ஒழுங்காத்தானே இருந்துது. உங்க மேலதான்."

மனைவி அவர் கையிலிருந்த கயிற்றை மெதுவாக வாங்கிக்கொண்டாள். மேனேஜரின் தலையை, கல்யாணமாகிப் போன மகளின் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினாள். பிறகு அண்ணன் கார் வரைக்கும் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"சொன்னா சொன்னதுதான். ஏறுங்க."

மச்சினர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். போர்வையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்கதவைச் சாத்தினார்.

"நாய்னா பழக்கிடலாம் தங்கச்சி. இந்த வயசுக்கு மேல இவரைப் பழக்க முடியாது, நீயே வெச்சுக்க."