இடுப்பில் கட்டிய திறப்பு

என் மனைவியின் தாய்மாமனை நான் ஒருமுறை நாற்பது நிமிடம் பூட்டி வைத்திருக்கிறேன். அதுவும் குளோரின் தண்ணீருக்குள் நிற்க வைத்து. கலியாணத்துக்குப் பிறகு அல்ல, முன்பு. (பிறகு என்றால் சிலராவது என் பக்கம் நின்றிருப்பார்கள்.)

நான் பிறவிச் சந்தேகக்காரன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நித்திரை கொண்டால், நடிக்கிறாரோ என்று பார்ப்பேன். கைபேசிக் கமராவுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தேன். படம் எடுக்க வேண்டி வந்தால் உரித்து, எடுத்து, திரும்ப ஒட்டுவேன். இப்படிப்பட்டவனிடம்தான், குருநகரில் நான் வேலை செய்த நண்டுக் கொம்பனி அந்த வில்லையைக் கொடுத்தது.

பெரிய சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வில்லை. அதைக் கிட்டக் கொண்டுபோனால் வாசல் கதவு திறக்கும், கணினி திறக்கும், கொம்பனி தந்த கைபேசி திறக்கும், வேலைக்கு வந்த நேரமும் தானாகப் பதியும். பூட்டுக்கு வேறு திறப்பும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். கணினிகளுக்குப் பொறுப்பான ஜெசிந்தா இதைச் சந்தோசமாக விளங்கப்படுத்தினாள். நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இதை ஒருவன் அடித்துக்கொண்டு போனால் அவன்தானே நான்? பிறகு நான் யார்?

“களவு போனா உடனை எனக்குச் சொல்லுங்கோ அண்ணை, நிப்பாட்டிவிடுவன்” என்றாள்.

மற்றவர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். நான் அரைநாண் கயிற்றில் கட்டினேன். (கோயிலில் சட்டையைக் கழற்றினாலும் என்னோடு இருக்கும் என்று யோசித்தேன். அவ்வளவு மூளை.) ஒரேயொரு சிக்கல். கதவோரச் சுவரிலுள்ள சிறு பெட்டிக்கு மிகக் கிட்டப் போனால்தான் வில்லை வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு கதவிலும் நான் பக்கவாட்டில் திரும்பி, நுனிக்காலில் எழும்பி, இடுப்பை ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டியிருந்தது. மதிலில் உரசும் மாட்டின் ஞாபகம் வருவதாக ஜெசிந்தா சொன்னாள்.

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. ஆறு சம்பந்தம் குழம்பி, ஏழாவதாகக் கொடிகாமத்தில் ஒரு பெண்ணின் சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது. தர்சினி, பள்ளிக்கூட ஆசிரியை. படத்தைப் பார்த்த நாளிலிருந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் சந்தேகப்படாமல் விரும்பினேன். தொண்டைமானாற்றிலிருந்து அக்கா நாள்தோறும் போன் எடுத்தாள். விசாரிக்க ஆள் வரும், ஒழுங்காக நட, இதுவும் குழம்பினால் இனி நான் பார்க்கமாட்டேன் என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்க வருபவர், தான் யார் என்று வாய் திறக்கமாட்டார். திறந்தால் ஊர் உண்மை சொல்லாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் வீட்டு ஒழுங்கையிலும் கோயிலடியிலும் விசாரிப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். நண்டுக் கொம்பனிக்கு யார் வரப்போகிறார்கள்?

இரண்டு நாளாக வாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, புதுத் தோல் செருப்பு. நான் இடுப்பைத் தேய்த்து உள்ளே போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் வாசல் காவலாளி என்னை மறித்து, அந்த மனிதர் நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யாரோடு திரிகிறேன், குடிப்பேனா என்றெல்லாம் கேட்டதாகச் சொன்னார். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. வில்லைக் கள்ளன்.

ஆளை மடக்கிப் பிடித்தால் முதலாளி மெச்சுவார், செய்தி கொடிகாமம் வரை போகும் என்று கணக்குப் போட்டேன். (போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.) எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, உள்ளே இருந்து கதைப்போம் என்று அவரை அன்பாக அழைத்தேன். முகம் மலர வந்தார்.

நண்டு பதப்படுத்தும் இடமல்லவா, வாசலைத் தாண்டியதும் ஒரு சின்ன அறை. தரை முழுக்கக் காலைக் கழுவக் குளோரின் தண்ணீர். அதைக் கடந்தால் ஒரு கண்ணாடிக் கதவு. வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், திரும்பி வெளியே போவதற்கும் வில்லை வேண்டும். நான் றப்பர் பூட்ஸோடு கடந்து, இடுப்பைத் தேய்த்து, கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சட்டென்று சாத்தினேன். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றார்.

அடுத்த நொடியே கொம்பனிக் கைபேசியில் ஜெசிந்தாவைப் பிடித்து, என் வில்லையை உடனே நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே அவன் கொப்பி அடித்துவிட்டால்?

“நிப்பாட்டியிட்டன் அண்ணை. சாப்பிட்டிட்டு வாறன்” என்று வைத்துவிட்டாள்.

முதலாளிக்குச் சொல்லலாம் என்று பார்த்தால் கைபேசி திறக்கவில்லை. எனக்குப் பின்னால், வேலைக்கூடத்துக்குள் போகும் கதவும் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவும் திறக்கவில்லை. வில்லை ஒன்று, வேலை நாலு. ஒன்றை நிறுத்தினால் நாலும் நின்றுவிடும் என்பது அந்த நிமிடம்தான் என் மண்டையில் ஏறியது. சொந்தக் கைபேசி மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் இருந்தது. (உள்ளே கொண்டுவந்தால் வேவு பார்க்கும் என்று நான்தான் அங்கே வைத்தேன்.) ஆக, கள்ளனும் உள்ளே, நானும் உள்ளே.

சரி, நேரத்தை வீணாக்காமல் விசாரிப்போம் என்று தொடங்கினேன்.

“உங்களை ஆர் அனுப்பினது?”

“அதை இப்ப சொல்லேலாது, தம்பி.”

அவருடைய மடியில் கைபேசி இருந்தது. எடுக்கவில்லை. எடுத்துப் பேசினால் யாருடைய ஆள் என்று வெளிப்பட்டு, வந்த காரியம் கெட்டுவிடுமாம். செருப்பின் சாயம் தண்ணீரில் கரையத் தொடங்கியும் மனிதர் அசையவில்லை. அந்த உறுதியைக் கண்டு எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. பெரிய கும்பலாகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“குறை நினையாதேங்கோ. உங்களுக்கு இடுப்பிலை ஏதும் வருத்தமோ?”

வில்லை இருக்கும் இடத்தையே கண்டுபிடித்துவிட்டான் படுபாவி. நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். பார்வையில் அனுதாபம் இருந்தது. கள்ளனுக்கு எதற்கு அனுதாபம் என்று அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

ஜெசிந்தா ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, தன் வில்லையால் வாசல் கதவைத் திறந்தாள். வெளுத்த கால் விரல்களோடு வெளியே போனவர் அவளிடம் மட்டும் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் என்னிடம் வந்தபோது சிரிக்கவில்லை.

“அண்ணை, அவர் உங்களுக்குப் பேசியிருக்கிற பொம்பிளையின்ரை தாய்மாமன்.”

அன்று பின்னேரமே அக்காவின் போன் வந்தது. பூட்டி வைத்ததைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். பொடியன் நல்லவன், பாவம், இடுப்பில்தான் ஏதோ கோளாறு, எக்ஸ்றே எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு கதைக்கலாம் என்றார்களாம்.

தர்சினியை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் மறுநாளே பருத்தித்துறையில் எக்ஸ்றே எடுத்தேன். எடுத்தவர், உடம்பில் ஏதும் அணிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவருக்கு எதற்கு அந்த விபரம்? இல்லை என்றேன்.

கொடிகாமத்து விறாந்தையில் எல்லாரும் கூடியிருக்க, மாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், வட்டமாக, வெள்ளையாக, வில்லை.

“நான் அப்பவே சொன்னனான்” என்றார் மாமா.

வேறு வழியில்லை. சபை நடுவே சட்டையைத் தூக்கி, கயிற்றை இழுத்து, உண்மையைக் காட்டினேன். கதவடியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. தர்சினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வருத்தம் ஒன்றும் இல்லை, தலையில் விசர் மட்டும்தான், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தாயிடம் சொன்னாளாம்.

கலியாணமாகி ஐந்து வருடம். இப்போதும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் மணி அடிப்பதில்லை. படலையில் இடுப்பை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். தர்சினி உள்ளே இருந்து கேட்பாள்:

“உங்களை ஆர் அனுப்பினது?”

“அதை இப்ப சொல்லேலாது, பிள்ளை.”

நான்தான் போய்த் திறந்துவிட வேண்டும்.