கடிக்குமா என்று கேட்டாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் நாயும் நலம். சொல்லப்போனால் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீயும் அண்ணியும் அம்மாவும், நடை பழகிக்கொண்டிருக்கும் என் மருமகனும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். குறிப்பாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து உன் நாய் துரையைக் கூட்டிப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். கூடவே ஒரு வரி: "குழந்தை இருக்கிற வீடு. உண்மையைச் சொல், கடிக்குமா?" ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் 'கடிக்காது' என்று எழுதினேன். பொய் மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'கடிக்கும்' என்று எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இங்கே நான் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும், அங்கே நீ எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் கடிதம். மாதக் கடைசிக்குள் நாய் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும் என்று கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டது உனக்குத் தெரியும். ஏன் சொன்னார் என்பது தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்குப் பிரசவ நேரம் என்று வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாய். போகும்போது ஒரு நாய்க்குட்டியை விட்டுவிட்டுப் போனாய். உலகத்தில் எத்தனையோ பண்டமாற்று நடந்திருக்கிறது, இவ்வளவு அநியாயமாக ஒன்று நடந்திருக்காது. "விளையாட்டா வாய் வைப்பான், பல் முளைக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றாய். காரைக் கிளப்பிக்கொண்டே சொன்னாய் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவனுக்கு அப்போது வாயில் பல் இல்லை அண்ணா, ஊசிப் பெட்டி இருந்தது. கால் கட்டைவிரல், பாவாடை ஓரம், மேசைக்கால், செருப்பு, நான் பிழை திருத்த வாங்கி வந்த அச்சுத்தாள் எல்லாவற்றிலும் வாய் வைத்தான். ஒரு ஆசிரியரின் முன்னுரையை முழுதாகத் தின்றுவிட்டான். புத்தகம் அது இல்லாமலே வெளிவந்தது, இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

நான் வழக்கம்போலப் புத்தகத்திடம் போனேன். நூலகத்தில் எடுத்த முதல் புத்தகம், குட்டி கடித்தால் இன்னொரு குட்டி வலியில் கத்துவது போலக் 'கீச்' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடச் சொன்னது. கத்தினேன். குட்டி தலையைச் சாய்த்து ரொம்ப ஆர்வமாகக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டு மறுபடி கடித்தது. குளியலறையிலிருந்து அப்பா முகமெல்லாம் சோப்போடு ஓடி வந்தார். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "என்னம்மா, எலியா?" என்று கேட்டார். இரண்டாவது புத்தகம் வேறு கட்சி. கத்தவே கூடாது, கைகளைக் கட்டிக்கொண்டு மரம் போல அசையாமல் நிற்க வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது, சலித்துப்போய்த் தானாகவே விட்டுவிடும் என்றது. சரியென்று ஒருநாள் கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். துப்பட்டா நுனியில் அவன் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வந்தார். கேனைத் தோளில் வைத்தபடியே என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அப்பா பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "எத்தன நாளா சார் பாப்பா இப்படி?" என்றார். மரம் பேசக் கூடாதே, அதனால் நானும் பதில் சொல்லவில்லை.

இப்படி நான் ஒரு பக்கம் மரமாக நின்றுகொண்டிருக்க, அப்பா மறுபக்கம் சொந்தமாக ஒரு வைத்தியம் வைத்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, மின்சார அலுவலகத்துப் புகார்ப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவர். கத்திக்கொண்டு வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதில் அவருக்கு ஒரே கொள்கை. "வர்றவன் வாயத் திறக்கறதுக்குள்ள கையில ஏதாவது குடுத்துடணும்மா. ஒரு டம்ளர் தண்ணி, ஒரு நாற்காலி, ஒரு மனு ஃபாரம், எதுவா இருந்தா என்ன. கையில ஒண்ணு இருந்தா மனுஷனுக்குக் கத்தத் தோணாது." அதே கொள்கையைத் துரைக்கும் நீட்டித்துவிட்டார். குட்டி கையைக் கவ்வ வந்தால், சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட். "வாய்ல பிஸ்கட் இருக்கும்போது எப்படிம்மா கடிப்பான்?" கேள்வியில் ஓட்டையே இல்லை. குட்டி யோசித்துப் பார்த்தது. கவ்வ வந்தால் பிஸ்கட். நல்ல ஊர், நல்ல மனிதர்கள்.

பல் விழுந்து வேறு பல் முளைத்தது. கவ்வுவது நின்றது. உடம்பு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. குரல் உடைந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்திலோ என்னவோ 'உர்ர்' என்றான். அப்பா பதறிப்போய் உடனே ஒரு பிஸ்கட். மறுநாள் தூக்கக் கலக்கம் இல்லாமலே 'உர்ர்'. அப்புறம் என்ன, மாமூல் ஆகிவிட்டது. கூரியர்காரர் வந்தால் உர்ர், கேன்காரர் வந்தால் உர்ர், யாருமே வராவிட்டால் யாரும் வராததற்கு ஒரு உர்ர். ஒவ்வொரு முறையும் அப்பா, "சரி சரி, கோவிச்சுக்காதீங்க, கவனிக்கிறோம்" என்று பழைய அலுவலகக் குரலில் சொல்லிக்கொண்டே பைக்குள் கைவிடுவார். நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை. வாக்கியத்தில் ஒற்று மிகுந்தால் பாய்ந்து பிடிக்கிறவள், கண்ணெதிரே நடந்த இவ்வளவு பெரிய பிழையைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். நான் அப்போது நாய்களின் மூதாதையர் பற்றி ஒரு தடிமனான புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டு நாய் ஏன் உறுமுகிறது என்பதற்குப் பனிக்காலத்து ஓநாய்களிடம் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரம்மா மோட்டார் விஷயம் பேச மாடிக்கு வந்த அன்று அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன். துரை வந்து அவர் எதிரே உட்கார்ந்து, முறைப்படி, உர்ர் என்றான். ஒன்றும் வரவில்லை. ஆளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னான். அப்போதும் வரவில்லை. சின்ன வயதுப் பழக்கம் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து போய் அவர் கைப்பையின் வாரை வாயில் பிடித்துக்கொண்டான். அவர் இழுத்தார், இவன் இழுத்தான், நான் இரண்டாவது புத்தகத்தின்படி மரமாகிவிட்டேன். வார் அறுந்தது. வீட்டுக்காரம்மா படிக்கட்டில் உட்கார்ந்த சத்தம் குளியலறைக்குள் கேட்டதாக அப்பா சொன்னார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து நின்று ஆடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சார், நீங்க நல்ல மனுஷர்தான். பொண்ணும் இருக்கற இடம் தெரியாது. ஆனா அந்தக் கொலைகாரன் போகணும். இல்ல, நீங்க எல்லாரும் போங்க. மாசம் முடியறதுக்குள்ள" என்றார். அப்பா ஈரத் தலையோடு கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். "நாற்காலி போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

பயந்துபோய் ஒரு நாய்ப் பயிற்சியாளரை வரவழைத்தேன். பூட்ஸ் காலோடு உள்ளே வந்து, "இந்த வீட்ல தலைவர் யாரு?" என்றார். நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஊரில் இல்லை என்றார் அப்பா. "அதான் பிரச்சனை. நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும். வாசல்ல முதல்ல நீங்க நுழையணும், நாய் பின்னாடி வரணும்." அப்பா வாசலுக்குப் போனார், துரையைப் பார்த்தார், வாழ்நாள் பழக்கம் விடவில்லை, ஒதுங்கி நின்று "நீங்க முதல்ல" என்றார். பயிற்சியாளர் பொறுமையிழந்து துரையின் பிடரியைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார். அப்போது ஒரு உறுமல் வந்தது அண்ணா. அது நாங்கள் இதுவரை கேட்காத உறுமல். உடம்பு கட்டையாக விறைத்துப்போய், கண்ணில் வெள்ளை தெரிய, சத்தம் வயிற்றிலிருந்து வந்தது. "விடுங்க, விட்டுடுங்க" என்று நான் கத்தியதில் அவர் விட்டுவிட்டார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால் துரை கட்டிலுக்கு அடியில் இருந்தான், அப்பாவும் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு உள்ளே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா துரையின் பல், காது, மூட்டு எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, வலி எதுவும் இல்லை என்றார். பிறகு, "உறுமினா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "தாமதமே பண்ணமாட்டேன் டாக்டர். உடனே பிஸ்கட் குடுத்துடுவேன்." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், இது முரட்டு நாய் இல்ல. பிஸ்கட் கேட்டு உங்களுக்கு மணி அடிச்சிட்டிருக்கு" என்றார்.

அப்புறம் விளக்கமாகச் சொன்னார். உறுமுகிற நாயை அதட்டவோ அடிக்கவோ கூடவே கூடாதாம். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். நேற்று பயிற்சியாளர் அழுத்தியபோது வந்தது நிஜ உறுமல், அப்படி வந்தால் விலகி இடம் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் வருவது வெறும் விண்ணப்பம். அதற்குக் கொடுக்காமல், அவன் சும்மா அமைதியாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். வாசல் மணி அடித்தால் அவன் மூலையில் இருக்கும் பாயில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பிஸ்கட். இவ்வளவுதான். எனக்குச் சட்டென்று புரிந்தது. அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், "புகாரே இல்லாதவனுக்கு எதுக்கும்மா குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கவுண்டருக்கு ஒருவர்கூட வந்து, நேற்று ராத்திரி முழுக்க விளக்கு நன்றாக எரிந்தது சார் என்று சொன்னதில்லையாம். அப்படி ஒருவருக்கு என்ன கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் கற்றுக்கொண்டார். முதலில் சில நாள் பரிதாபமாக இருந்தது. துரை உறுமுவான், அப்பா இரண்டு கையையும் சட்டைப்பை மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். இருவரும் வேர்த்துப்போவார்கள். இப்போது வாசல் மணி அடித்தால் துரை பாயில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அப்பா குனிந்து, "எல்லாம் சரியா இருக்கா? குறை ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்துவிட்டுக் கொடுக்கிறார். கேன்காரர் உள்ளே வந்து கேனைக் கவிழ்த்துவிட்டுப் போகும்வரை மூச்சு விடுவதில்லை. கேன்காரரைச் சொல்கிறேன். துரை சாதாரணமாகத்தான் இருக்கிறான். வீட்டுக்காரம்மாவை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னோம். கீழேயிருந்தே, "பார்த்த வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டார். புது வார் போட்டுக் கொடுத்த பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். இன்றுவரை யார் தோலிலும் அவன் பல் பட்டு ரத்தம் வந்ததில்லை. ஆனால் வாய் உள்ள எந்த நாயையும் கடிக்காது என்று நான் எழுதித்தர மாட்டேன். குழந்தையோடு அவனை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதே. தின்னும்போதும் தூங்கும்போதும் குழந்தை கைவைக்காமல் பார்த்துக்கொள். அவனுக்கு ஒதுங்க ஒரு மூலை கொடு. விறைத்து நின்றால் விலகு. முக்கியமாக, பயப்படாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொல்வது. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. நானோ புத்தகத்துக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்க மாட்டேன். பகல் முழுக்க அப்பா யாரிடம் பேசுவார்? இப்போது பேசுகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து அந்தக் காலத்து மின்வெட்டுகளைப் பற்றியெல்லாம் அவனிடம் சொல்கிறார். இந்த வாரம் பேச்சு மாறியிருக்கிறது. "அங்க ஹால் பெரிசுப்பா. காத்து நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னிடம் துரை போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கிண்ணத்தைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பரவாயில்லை. வேறு வழி இல்லை. அவர் சமாளித்துக்கொள்வார். நீ ஞாயிறு காலையிலேயே வந்துவிடு, தாமதித்தால் எங்களுக்குக் கஷ்டம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். மருமகனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், கைப்பை விஷயத்தைச் சொல்லாதே. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டு வார்களெல்லாம் அறாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போட அப்பாவிடம்தான் கொடுத்தனுப்பினேன். துரையோடு போனவர் நெடுநேரம் கழித்துக் கடிதத்தோடே திரும்பி வந்தார். "போடலையாப்பா?" என்றேன். "போடறதுக்குள்ள வேற வேலை வந்துடுச்சு" என்றார். அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை. சமையலறை இருட்டாம், கதவு சரியாகச் சாத்தாதாம், வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லையாம். அவரிடம் போனிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் நேரே கீழ்வீட்டுக்குப் போய், "நாய் போகணும், இல்ல நீங்க போகணும்னு சொன்னீங்க. நாங்களே போறோம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் குரல் அவ்வளவு திடமாக ஒலித்து நான் கேட்டதில்லை. அதனால் மேலே எழுதியதில் துரையைக் கூட்டிப்போகச் சொன்னதை மட்டும் அடித்துவிட்டுப் படி. ஞாயிறு கட்டாயம் வா, ஆனால் காரில் வராதே; பீரோவும் கட்டிலும் என் புத்தகங்களும் ஏறுகிற மாதிரி ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வா. அப்பாவுக்கும் துரைக்கும் அதில் இடம் வேண்டாம். அவர்கள் நடந்தே வந்துவிடுவார்களாம்.