மைக் அண்ணனும் நேத்து வண்டியும்

பால்வெளி முழுவதற்கும் ஒரே ஒரு டைம் ஆபீஸ்தான் உண்டு. அது ஆரணி பஸ் ஸ்டாண்டில், டீக்கடைக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதன் தலைமை அதிகாரி மைக் அண்ணன்.

பஸ் புறப்படுவதை மைக்கில் அறிவிப்பது அவர் வேலை. "கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் வண்டி" என்று அவர் ஆரம்பித்தால், கடலை விற்கிறவர்கூட ஏறிவிடலாமா என்று ஒரு கணம் யோசிப்பார். அப்படி ஒரு குரல். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை.

ஓய்வு நேரத்தில் விஞ்ஞானக் கதைகள் படிப்பார். வேலை நேரத்திலும் அதையேதான் படிப்பார். அவருக்கு ஒரே ஒரு கவலை.

"இன்னாடா இது, டைம் மெஷினு, வார்ம்ஹோலுன்னு! நாளைக்கே ஒரு வேத்துக்கிரகத்தான் நம்ம பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குனா, ஆரணிக்காரன் அவனாண்ட எந்த வார்த்தையில பேசுவான்?"

இந்தக் கவலையில் பிறந்தது எங்கள் வாசகர் சங்கம். மொத்தம் மூன்று பேர். மைக் அண்ணன், மெடிக்கல் ஷாப் பாஷா, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான நான். டீ குடிப்பதும் வார்த்தை செய்வதும்தான் சங்கத்தின் பணி.

எங்கள் அகராதியின் பல சொற்களுக்கு மூலம் இந்த ஊர்தான். விண்வெளியின் குறுக்குவழியான வார்ம்ஹோலுக்கு 'சந்து' என்று பெயர் வைக்கக் காரணமே நான். காந்தி ரோட்டில் ஒருவர் என்னைப் பார்த்ததும் பக்கத்துச் சந்தில் பாய்ந்து, அதே நொடியில் அடுத்த தெருவில் வெளிப்பட்டார். "பாத்தியா, வெளிச்சத்தவிட ஜல்தியா போறான்!" என்று மைக் அண்ணன் கைதட்டினார். என் தொழிலால் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

டைம் மெஷினுக்குப் பெயர் 'நேத்து வண்டி'. பெரணமல்லூர் பஸ் வந்து நின்றபோது ஒரு பெரியவர், "இது எத்தினி மணி வண்டிப்பா?" என்று கேட்டார். "நேத்து வண்டி ஐயா, இப்பதான் வருது," என்றார் மைக் அண்ணன், ஊருக்கே கேட்கும்படி மைக்கில்.

கதையின் முடிவை முன்கூட்டியே உளறுவதற்கு 'காத்து புடுங்குறது' என்று பெயர். ஒரு நாள் பாஷா அப்படி உளறினார். அன்று மாலை அவர் ஸ்கூட்டரில் இரண்டு டயரிலும் காற்றில்லை. யார் வேலை என்று இன்றுவரை தெரியவில்லை. மைக் அண்ணன் அன்று கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவினார்.

விஞ்ஞானக் கதை படிக்காத மனிதர்கள் எல்லாரும் 'தரைவாசிகள்'. அதாவது எங்கள் மூவரைத் தவிர மொத்த ஊரும். இந்த ஒரு வார்த்தைதான் வினையாகிப் போனது.

மைக் அண்ணன் டைப் அடிக்க மாட்டார். எதையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். ஒரு மத்தியானம் எங்கள் குரூப்புக்கு, "தரைவாசி கூப்ட்டுகினே கீது, போயி சாப்ட்டு வரேன்," என்று பேசி அனுப்பினார். அது குரூப்புக்கு வரவில்லை. அண்ணிக்குப் போய்விட்டது.

அந்த வார்த்தைக்கு அண்ணிக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை மைக் அண்ணன் அப்படித்தான் திட்டுவார். அடுப்பை அணைத்தார், பையை எடுத்தார், நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தாய் வீடு கண்ணமங்கலம். மைக் அண்ணன் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "சீட்டு காலி, ஏறுங்க ஏறுங்க," என்று அறிவித்த வண்டியில்தான் அண்ணி ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு மைக் அண்ணனின் அந்தக் குரல் போய்விட்டது. கண்ணமங்கலம் என்ற பெயர் வரும்போதெல்லாம் அதை விழுங்கிவிடுவார். வேலூர் போகிறவர்கள் பேஜாராகி, எங்கே போகிற வண்டி என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறினார்கள். படிப்பதையும் நிறுத்திவிட்டார்.

"அவ வரலன்னா இந்த மைக்கு எதுக்குடா எனக்கு?" என்றார்.

அண்ணியை அழைத்துவர அவர் கிளம்பியபோது, தூதுவனாக நானும் கூடப் போனேன். கண்ணமங்கலத்தில் என்னைப் பார்த்ததும் அந்த வீட்டில் பாதிப் பேர் சந்து வழியாக மறைந்தார்கள். அண்ணி மட்டும் வாசலில் நின்றார்.

"தெரியாம சொல்லிட்டேம்மா," என்றார் மைக் அண்ணன்.

"அப்படியா? உங்க நேத்து வண்டிய எடுத்துகினு போங்க. அந்த வார்த்தைய சொல்றதுக்கு முன்னாடி எறங்கி, வாய மூடிகினு திரும்பி வாங்க. அப்பால பேசலாம்."

மைக் அண்ணன் முகம் மலர்ந்தது. "டேய், எவ்ளோ கரெக்டா சொல்றா பாரு!"

"அண்ணே, சும்மா இரு," என்று நான் அவர் காலை மிதித்தேன்.

"இத்தினி வருஷமா வூட்ல வேற இன்னா பேசுனீங்க? எல்லாம் எனுக்கும் தெரியும் தம்பி," என்று அண்ணி என்னிடம் திரும்பினார். "நாள் பூரா ஊர்ல போற வண்டியெல்லாம் கூவி அனுப்புறாரு. வூட்டாண்ட ஒருத்தி காத்துகினு கீறாளேன்னு ஒரு தபா நெனச்சாரா? நாளைக்கி நானே வருவேன். இல்ல, வராமலும் போவேன்."

மறுநாள் விடிந்ததிலிருந்து மைக் அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேலூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் ஜன்னலை எல்லாம் எட்டிப் பார்த்தார். எங்கள் பஸ் ஸ்டாண்டில் புறப்படும் வண்டியைத்தான் அறிவிப்பார்கள். வருகிற வண்டியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அன்று முதல்முறையாக ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்துக்கு. கண்ணமங்கலம் வழியா வர்ற வண்டி இன்னும் கொஞ்ச நேரத்துல தரை சேரும். எல்லாரும் கொஞ்சம் வழி விட்டு நில்லுங்க. தரை இல்லாம எந்த விண்கப்பலும் எறங்க முடியாது. இது வரிக்கும் அது எனுக்குத் தெரியல."

டீக்கடைக்காரர்கூட பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டார். ஒரு வண்டி வந்து நின்றது. கடைசி ஆளாக அண்ணி இறங்கினார். பஸ் ஸ்டாண்டு மொத்தமும் வழி விட்டு நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர், நேராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார்.

"மைக்க வெச்சிட்டு பைய புடிங்க."

அது மைக்கிலேயே கேட்டது.

இப்போது சங்கத்தில் நான்கு பேர். 'தரைவாசி' அகராதியில் கிடையாது. புதுச் சொல் 'தரை சேர்ந்தாச்சு'. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் குரூப்பில் அதைச் சொல்ல வேண்டும். பாலிசி பிடிக்க ஊர் ஊராக அலையும் நான் மறந்துவிட்டால், டைம் ஆபீஸிலிருந்து போன் வரும்.

"இன்னாடா, இன்னும் எறங்கலியா நீ?"

சில நாள் நான் வேண்டுமென்றேதான் மறக்கிறேன்.