மாமனாரின் துப்பாக்கி

துப்பாக்கிக்குள்ளிருந்து தெறித்த ஸ்பிரிங் எங்கே போனது என்று வெண்டல் தேடவே வேண்டியிருக்கவில்லை. சமையலறைச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பக்க மூடியைத் திருகும்போது குழலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. மனைவி ஆர்டிஸ் வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. யாரோ ஒருவருடைய இறுதிச்சடங்குச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட் கிளற தேவாலயத்துக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் துப்பாக்கியை நிலவறையில் ஒளித்து, கண்ணாடித் தூளைக் கூட்டி, கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டார்.

வந்ததும் வெற்றுச் சுவரைத்தான் பார்த்தாள்.

"கடிகாரம் எங்க?"

"மெதுவா ஓடுச்சு. சரி பண்ணலாம்னு கழட்டினேன்."

"வேலைய விட்டவனுக்கு மணி எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டியோன்னு நினைச்சேன்" என்றபடி அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

வெண்டல் பாதி ஆயுளைப் பள்ளிப் பேருந்து ஓட்டியே கழித்தவர். கிறிஸ்துமஸோடு ஓய்வு கொடுத்து, கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பார்த்த ஒரே உத்தியோகம், காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு யாரோ ஓட்டும் மஞ்சள் பேருந்து தாமதமாக வருகிறதா என்று பார்ப்பதுதான். பனி உருகியதும், பழைய தானியக் கொட்டகையையாவது சுத்தம் பண்ணு என்று ஆர்டிஸ் விரட்டினாள். அங்கேதான், எலிப்புழுக்கை அப்பிய மூலையில், மாமனார் ஹால்வரின் கித்தான் வேட்டைக்கோட்டு கிடைத்தது. கோட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு துப்பாக்கி.

ஒரு தோட்டாவைச் சுட்டால் தானாகவே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் பழைய ரகம் அது. பின்பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதால் ஏரிக்கரையில் கூன்முதுகு என்பார்கள். முழுக்கத் துரு. தோளில் பதிக்கும் மரக்கட்டை பூராவும் அழுக்கு. வெண்டலுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. படகில் ஏறினாலே குமட்டுகிற மாப்பிள்ளை அவர். ஆனால் ஒன்று தெரியும். ஹால்வர் இருந்த வரை, வாத்து வேட்டை தொடங்கும் முதல் நாள் அப்பாவும் மகளும் ஒரே படகில் போவார்கள். அவர் போன பிறகு ஆர்டிஸ் ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் துப்பாக்கியைப் புதுசாக்கி அவள் கையில் கொடுத்து, இலையுதிர் காலத்தில் வேட்டை தொடங்கும் முதல் நாளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வெண்டல் அங்கேயே முடிவு செய்தார். அவளிடம் மூச்சு விடவில்லை. அவள் தம்பி லோரனிடமும் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

முதலில் இரும்பு நாரால் துருவைத் தேய்த்தார். துரு போயிற்று, கூடவே குழலின் கருமையும் போய், அது எவர்சில்வர் கரண்டி மாதிரிப் பளபளத்தது. திரும்பக் கருமை ஏற வேண்டுமானால் ஈரக்காற்றில் வைத்துத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டு எடுத்துத் தேய்க்க வேண்டும், அதையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று நூலகத்துப் புத்தகம் சொன்னது. இத்தனை பாடுபட்டு எடுத்த துருவைத் தானே வரவழைக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டு, குளியலறைத் திரைக்கம்பியில் குழலைத் தொங்கவிட்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தினார். குழாயில் ஒழுக்கு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஆர்டிஸிடம் சொன்னார். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிப்பதற்குத் தம்பி வீட்டுக்குப் போய் வந்தாள்.

கொதிக்க வைக்கும் படலம் அடுத்தது. தக்காளி பதப்படுத்தும் அண்டாவில் குழல் பாதிதான் மூழ்கியது. நீளமான பாத்திரத்துக்கு எங்கே போவது? சமையலறை வாசலுக்கு மேல் மழைநீர் ஓடுகிற தகரக் கால்வாயில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையையும் அடைத்து, அடுப்பின் மேல் வைத்தார். குழல் அழகாகக் கறுத்தது. அந்த வாரம் பெய்த மழை, தகரம் இல்லாத இடமாகப் பார்த்து, மாவு மூட்டை வைத்திருந்த அறைக்குள் இறங்கியது. வீடு பழசாகிறது என்று வெண்டல் வருத்தத்தோடு சொன்னார். ஆமாம், வீட்டுக்காரருக்கும் வயசாகிறது என்று ஆர்டிஸ் ஒத்துக்கொண்டாள்.

கட்டையில் அங்கங்கே பள்ளம் இருந்தது. ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி பிடிக்க வைத்தால் மரம் உப்பி எழும் என்று புத்தகத்தில் போட்டிருந்தபடியே எழும்பியது. மரத்தின் பழுப்பு மெழுகு பெட்டியில் ஒட்டிக்கொண்டதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு பழுப்புத் தீவோடு பாடகர் வரிசையில் நின்றாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கட்டையை உப்புத்தாளால் வழுவழுவென்று தேய்த்து முடித்து, தூளை ஊதிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அடிப்பக்கம் வரிசையாகச் சில கீறல்கள் இருந்தனவே! பிள்ளையை முதல் நாள் வேட்டைக்குக் கூட்டிப் போகிற அப்பா, வருஷத்துக்கு ஒரு கீறல் கட்டையில் போடுவது அந்த ஏரிக்கரை வழக்கம். ஹால்வர் மகளுக்காகப் போட்ட கீறல்களை, மருமகன் தன் கையாலேயே தேய்த்துத் தரையில் கொட்டிவிட்டார்.

வெண்டல் நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அந்த மனிதர் மகளுக்கு விட்டுப்போனதில் கையால் தொட்டுப் பார்க்கக் கூடியது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஆறா, ஏழா என்றுகூட நினைவில்லை. கடைசியில் பேனாக்கத்தியை எடுத்து ஏழு கீறல் போட்டார். புதுசாகத் தெரியாமலிருக்க அதில் காப்பித் தூளை அப்பினார்.

வேட்டைக்கு முந்தைய நாள் மாலை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது ஆர்டிஸ் கறுத்த குழலைப் பார்த்தாள், மினுங்கும் கட்டையைப் பார்த்தாள், அவருடைய கைவிரல்களில் போகாத கறையைப் பார்த்தாள். கட்டையைத் திருப்பி, கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஏழு" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் அப்படியே இருக்கு, வெண்டல்."

வெண்டல் கறைபட்ட கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வர்றேன். ஆனா நீயும் படகுல வரணும்."

போனார்கள். லோரன் துடுப்புப் போட்டான். வெண்டல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குமட்டலில் வெளிறிய முகத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். உதையைத் தாங்கிக்கொள்ளும் வளையங்கள் வழுக்கிவிடும் அளவுக்கு உள்ளே எண்ணெயை அவர் தாராளமாக ஊற்றியிருந்ததால், ஆர்டிஸ் சுட்ட முதல் தோட்டாவுக்குத் துப்பாக்கி உதைத்த உதையில் அவள் நேராக அவர் மடியில் வந்து விழுந்தாள். வாத்து தன் பாட்டுக்குப் பறந்துபோயிற்று. அவள் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை.

கரைக்கு வந்து, அவள் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெண்டலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. லோரனை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"உங்கப்பா போட்ட கீறலை நான்தான் தேய்ச்சு அழிச்சேன். இப்ப இருக்கறது நான் வெட்டினது. அதைப் போய் அவ தடவித் தடவி எண்ணினா, லோரன். அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

லோரன் காப்பிக் குப்பியை மூடினான். அக்கா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவோடது ரெட்டைக்குழல், மச்சான், என் வீட்டு அலமாரியில இருக்கு. இது, நீ ஜன்னலே கதின்னு கிடந்தப்ப அக்கா ஏலத்துல எடுத்து அப்பா கோட்டுல சுத்தி வச்சது. நான்தான் வண்டி ஓட்டினேன். அங்க நல்லதா ரெண்டு மூணு இருந்துச்சு, அதெல்லாம் வேண்டாம், இருக்கறதுலயே ரொம்ப நாசமாப் போனதாக் குடுங்கன்னு கேட்டு வாங்கினா."